ஒரு மண்டலம் பொறுங்கள்... அப்புறம் மீன் வாங்கலாம்!

"டாக்டர், ரத்தக் கொதிப்பு இருக்கிறவங்க மீன் தொட்டி வெச்சா நல்லதாமே... நாங்களும் இதே மாதிரி ஒண்ணு வாங்கிடலாமா?"

என்னிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்களில் மாதத்துக்கு ஒருவராவது இப்படிக் கேட்டுவிடுகிறார். வீட்டின் முன்பக்கம் என் கிளினிக். உள்ளே கூடத்தில் மூன்றடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி. நடுக்கதவு திறந்திருந்தால் காத்திருக்கிறவர்கள் கண்ணில் அது பட்டுவிடும். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள், ரோஜா நிறம் படிந்த பாறைகள், பாறை இடுக்கில் மீசையை ஆட்டிக்கொண்டு நிற்கும் ஓர் இறால். அழுகிற குழந்தை அழுகையை நிறுத்திவிடும். பெரியவர்கள் டோக்கன் நம்பரையே மறந்துவிடுவார்கள்.

கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். "தாராளமா வையுங்க. ஆனா இன்னிக்குத் தொட்டி வாங்கினா, மீன் வாங்க ஒரு மண்டலம் ஆகும். பொறுப்பீங்களா?"

பாதிப் பேர் சிரித்துக்கொண்டே போய்விடுகிறார்கள். மீதிப் பேருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நான் செய்த தவறு

2019 கோடை விடுமுறை. என் மகன் அப்போதுதான் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தான். இரண்டு வருஷமாகச் சேர்த்த உண்டியல் பணத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டி, "அப்பா, கடல் மீன் தொட்டி வைக்கணும்" என்றான். குறைந்த பணத்தை நான் போட்டேன். தொட்டி, மோட்டார், விளக்கு, உப்பு எல்லாம் வந்து இறங்கின. உப்பைக் கலக்கி ஊற்றினோம். நாலாம் நாள் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு சார், இனிமே என்ன? மீனை விட்டுடலாம்" என்றார்.

"புத்தகத்துல நாலு வாரமாவது ஆகும்னு போட்டிருக்குப்பா" என்று மகன் மெல்லச் சொன்னான். "அவங்க தொழில் அவங்களுக்குத் தெரியாதாடா?" என்று நான் அவன் வாயை அடைத்துவிட்டேன்.

ஐந்து மீன்கள் விட்டோம். ஆறாம் நாள் ஒரு மீன் தண்ணீரின் மேற்பரப்பில் வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தது. ஒன்பதாம் நாள் தொட்டியில் ஒன்றுகூட இல்லை. கடைசி மீனை வலையில் எடுத்துக்கொண்டே அவன் கேட்டான்: "பேஷண்ட் எல்லாருக்கும் ஒரு மண்டலம் பொறுங்கன்னு சொல்றீங்க. எனக்கு மட்டும் நாலு நாள்தானாப்பா?"

எனக்குப் பதில் வரவில்லை. தொட்டியைத் துடைத்து மொட்டை மாடியில் கவிழ்த்து வைத்துவிட்டோம். அவன் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டான். 2020-ல் ஊரடங்கு வந்தது. ஜூலை மாதம் ஒருநாள், "மறுபடி வெச்சுப் பார்க்கலாமாடா?" என்று நான்தான் கேட்டேன். "வைக்கலாம். ஆனா டெஸ்ட் பண்றது நான். மீன் எப்போன்னு சொல்றதும் நான்" என்றான். ஒப்புக்கொண்டேன். இனி சொல்லப்போவது அந்த இரண்டாவது தொட்டியில் நான் கற்ற பாடம்.

தொட்டிக்கும் கல்லீரல் உண்டு

தண்ணீர் தெளிவாக இருப்பது வேறு, தயாராக இருப்பது வேறு. முதலில் இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

நாம் சாப்பிடும் புரதம் செரிக்கும்போது உடம்பில் அம்மோனியா உண்டாகிறது. அது விஷம். நம் கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரகத்துக்கு அனுப்புகிறது. மீன் அப்படிச் செய்வதில்லை. அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அப்படியே தண்ணீரில் விட்டுவிடுகிறது. கடலில் அது கரைந்து போகும். நூற்றைம்பது லிட்டர் தொட்டியில் எங்கே போகும்? மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறும். எங்கள் ஐந்து மீன்களுக்கும் அதுதான் நடந்தது.

அந்த விஷத்தை முறிக்க இரண்டு கூட்டம் பாக்டீரியாக்கள் வேண்டும். முதல் கூட்டம் அம்மோனியாவைத் தின்று நைட்ரைட் ஆக்கும். இரண்டாவது கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் அளவோடு இருந்தால் மீனுக்குத் தொந்தரவில்லை. இப்படி வேலை செய்யும் நுண்ணுயிர்களை 1890 வாக்கில் தனியே பிரித்துக் காட்டியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர்.

சரி, இந்தப் பாக்டீரியாக்கள் ஏன் நாலு நாளில் வருவதில்லை? நம் குடலில் இருக்கும் ஈ.கோலி நல்ல சூழல் கிடைத்தால் இருபது நிமிஷத்தில் இரண்டாகிவிடும். இவை அப்படியல்ல. ஒன்று இரண்டாவதற்கு அரை நாளோ, ஒரு நாளோ, அதற்கு மேலோ ஆகும். பாறையின் துளைகளிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு நிதானமாகத்தான் குடும்பம் பெருக்கும். உறை ஊற்றிய பாலை நிமிஷத்துக்கு ஒருமுறை ஆட்டிப் பார்த்தால் தயிர் தோயுமா? அதே கதைதான்.

"தங்கமீன் தொட்டியில் மறுநாளே மீன் விட்டோமே, ஒன்றும் ஆகவில்லையே?" என்று சிலர் கேட்பார்கள். சாதாரணத் தண்ணீரின் பி.எச். ஏழையொட்டி இருக்கும். கடல்நீருக்கு 8.1-லிருந்து 8.4 வரை. பி.எச். ஏற ஏற, அம்மோனியாவில் விஷமான பங்கு கூடும். அதே அளவு அம்மோனியா நன்னீரில் செய்யும் கெடுதலைப் போலக் கடல்நீரில் ஏறக்குறைய பத்து மடங்கு செய்யும். அதனால்தான் கடல்நீர்த் தொட்டி அவசரத்தை மன்னிப்பதில்லை.

என்னென்ன வேண்டும்?

*தொட்டி:* மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 10 மி.மீ. கண்ணாடி. பாறையும் மேல் இடைவெளியும் போக 150 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 'முதல்ல சின்னதா வெச்சுப் பழகலாமே' என்று நினைக்காதீர்கள். தண்ணீர் குறையக் குறைய வெப்பமும் உப்பும் சட்சட்டென்று ஏறி இறங்கும். சின்னத் தொட்டிதான் கைதேர்ந்தவர்களுக்கு உரியது. பாறை, மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 250 கிலோவை நெருங்கும். உறுதியான தரை, சமமான ஸ்டாண்டு, வெயில் படாத சுவர் ஓரம் பார்த்து வையுங்கள்.

*தண்ணீர்:* குழாய்த் தண்ணீர் கூடாது. அதில் குளோரினும், சில சமயம் தாமிரமும் இருக்கும். தாமிரம் துளி சேர்ந்தாலும் இறால், நத்தை போன்றவை செத்துப்போகும். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரை டி.ஐ. ரெசின் குழாய் வழியாக விட்டு, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டுகிற அளவுக்குச் சுத்தம் செய்து எடுத்துக்கொள்ளுங்கள்.

*உப்பு:* சமையல் உப்பு உதவாது. கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சேர்ந்த கடல்நீர் உப்பு தனியாக விற்கிறது. லிட்டருக்கு 35-லிருந்து 38 கிராம் வரை, பாக்கெட்டில் போட்டபடி கலக்கவும். 150 லிட்டருக்கு ஐந்தரை கிலோ பிடிக்கும். ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் ஆயிரத்துக்கு 35 பங்கு, அதாவது ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரை இருக்க வேண்டும். கடற்கரையில் குடம் போட்டு மொண்டு வராதீர்கள். கரையோரத் தண்ணீரில் சாக்கடையும் எண்ணெயும் கலந்திருக்கும்.

*பாறை:* இதுதான் தொட்டியின் கல்லீரல். 1961-ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்கள் ஒட்டியிருக்கும் கடல் பாறையையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்தே தொட்டியை நலமாக வைத்திருக்க முடியும் என்று எழுதினார். இன்றைக்கு உலகம் முழுக்க வீட்டுக் கடல்தொட்டிகளின் அடிப்படை அதுதான். ஆனால் நம் கடலிலிருந்து பவளப் பாறையை எடுப்பது குற்றம். ஆகவே செயற்கையாகச் செய்த துளைப் பாறைகளை வாங்குங்கள். 15 கிலோ போதும். அதில் உயிர் எதுவும் இருக்காது. அதனால்தான் நமக்குக் காத்திருப்பு கொஞ்சம் கூடுதல்.

*மற்றவை:* இரண்டு, மூன்று செ.மீ. உயரத்துக்குச் சுண்ணாம்பு வகைக் கடல் மணல். தண்ணீரைச் சுழற்ற இரண்டு சிறு மோட்டார்கள். புரோட்டீன் ஸ்கிம்மர் என்ற கருவி. கருப்பட்டிப் பாகு காய்ச்சும்போது அழுக்கு நுரையாகப் பொங்கி மேலே வருமில்லையா, அதை அகப்பையால் எடுப்போமே... ஸ்கிம்மர் செய்வதும் அதுவேதான். நுண்ணிய குமிழிகளை விட்டு, கழிவை நுரையாக்கி, ஒரு கோப்பையில் ஒதுக்கிவிடும். அப்புறம் வெப்பமானி, விளக்கு, அம்மோனியா - நைட்ரைட் - நைட்ரேட் பார்க்கும் சோதனைக் குப்பிகள். கடைசியாக, நாற்பது பக்க நோட்டு ஒன்று!

48 நாள் கணக்கு

சித்த வைத்தியத்தில் ஒரு மண்டலம் என்பதை 48 நாளாகக் கொள்வது வழக்கம். கடல்தொட்டி பக்குவப்படுவதற்கு நாலு முதல் எட்டு வாரம் வரை ஆகும். இரண்டும் ஒன்றுபோல் அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் நம் வீடுகளில் நாள் எண்ணுவதற்கு வசதியான கணக்கு!

*முதல் வாரம்:* உப்பு நீரை நிரப்பி, பாறையை அடுக்கி, மோட்டாரை ஓடவிடுங்கள். இரண்டு நாள் கலங்கலாக இருக்கும், பிறகு தெளியும். இங்கேதான் ஏமாந்துவிடுவோம். இப்போது பாக்டீரியாவுக்குத் தீனி வேண்டும். அதற்காக மீனைப் பலி கொடுக்க வேண்டாம். அம்மோனியம் குளோரைடு போதும். நம் நவச்சாரம்தான் அது! ஆனால் ஒரு எச்சரிக்கை: நாட்டு மருந்துக் கடை நவச்சாரத்தில் வேறு உப்புகள் கலந்திருக்கும். மருந்துக்கே சுத்தி செய்யாமல் நாங்கள் சேர்ப்பதில்லை. தொட்டிக்கு ஆய்வகத் தரச் சரக்குதான் வேண்டும். 150 லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம் கரைத்து விட்டால், அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் நிற்கும். அதற்குமேல் விடாதீர்கள். தீனி அதிகமானாலும் பாக்டீரியா சுணங்கும்.

*இரண்டு, மூன்றாம் வாரம்:* தினம் சோதித்து நோட்டில் குறியுங்கள். சில நாள் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். எங்கள் நோட்டில் முதல் பதினோரு நாளும் ஒரே எண்தான். 12-ம் நாள் அம்மோனியா இறங்கத் தொடங்கியது. அதே சமயம் நைட்ரைட் தலைகாட்டியது.

*நாலு, ஐந்தாம் வாரம்:* அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் உச்சம். எங்களுக்கு 23-ம் நாள் அம்மோனியா பூஜ்யம் வந்துவிட்டது. எனக்குக் கை பரபரத்தது. "அம்மோனியாதானேடா விஷம்? அது போயிடுச்சே" என்றேன். "நைட்ரைட் இருக்குப்பா" என்று நோட்டை மூடிவிட்டான். உண்மையில் கடல்நீரில் நைட்ரைட்டின் விஷம் நன்னீரில் இருப்பதைப் போலக் கடுமையானதல்ல. ஆனாலும் அது நிற்கிறதென்றால் இரண்டாவது கூட்டம் இன்னும் வளரவில்லை, வேலை பாதியில் நிற்கிறது என்று பொருள். அவன் சொன்னதுதான் சரி.

*ஆறு, ஏழாம் வாரம்:* நைட்ரைட்டும் பூஜ்யமாகும். எங்களுக்கு 41-ம் நாள். இப்போதும் மீன் இல்லை! மறுபடி ஒரு கிராம் அம்மோனியம் குளோரைடு கரைத்து விடுங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தால் தொட்டி தேறிவிட்டது. வராவிட்டால் இன்னும் ஒரு வாரம். எங்கள் தொட்டி முதல் தடவை தேறவில்லை, 48-ம் நாள்தான் தேறியது. பிறகு தண்ணீரில் பாதியை மாற்றினால் சேர்ந்திருக்கும் நைட்ரேட் குறையும்.

"பாட்டிலில் பாக்டீரியா விற்கிறார்களே, அதை ஊற்றினால் சீக்கிரம் ஆகாதா?" ஆகலாம். நல்ல சரக்காக, வெயிலில் கிடக்காததாக இருந்தால் நாள் குறையும். ஆனால் பாட்டில் ஊற்றினாலும் அந்த 24 மணி நேரச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

அசிங்கமாகத் தெரியும் காலம்

இதுவரை சொன்னது பாதிதான். மீன் விடும் தகுதி வந்த தொட்டி முதிர்ந்த தொட்டி அல்ல.

இரண்டாம் மாதவாக்கில் மணலின் மேல் காவி நிறத்தில் மாவு தூவியது போலப் படியும். இது டயாட்டம் என்ற நுண்பாசி. அது போன கையோடு பச்சைப் பாசி, தலைமயிர் போல ஒரு பாசி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். வீட்டுக்கு வருகிற உறவினர்கள், "என்னங்க, சாக்கடை மாதிரி இருக்கு?" என்பார்கள். பலர் தொட்டியைக் கைகழுவுவது இந்தக் கட்டத்தில்தான். சிலர் பாசியைக் கொல்ல மருந்து ஊற்றுவார்கள். இன்னும் சிலர் பாறையை எல்லாம் எடுத்துத் தேய்த்துக் கழுவி, ஒரு மண்டலம் வளர்த்த குடும்பத்தையே அழித்துவிடுவார்கள்.

என்னிடம் வருகிறவர்களில் சிலர் மூன்று நாளைக்கு ஒரு மருந்து மாற்றுவார்கள். எதையும் முழுசாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். அந்தக் குணம் இங்கேயும் ஆகாது. விளக்கை ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாகக் குறையுங்கள். தீனியைக் குறையுங்கள். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். கைக்கு வருகிற பாசியைக் கிள்ளி எடுங்கள். பாசி தின்னும் நத்தைகள் நாலைந்து விடுங்கள். தொட்டிக்கு இதுதான் பத்தியம். மூன்று மாதத்துக்கு மேல் பாறையில் ரோஜா நிறத்தில் புள்ளி புள்ளியாகப் படிய ஆரம்பிக்கும். அது சுண்ணாம்புப் பாசி. அதைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள், தொட்டி நிலைபெற்று வருகிறது.

முதல் மீன்களாகக் கோமாளி மீன் ஜோடி நல்லது. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையங்கள் இவற்றைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை நம் நாட்டில் வளர்த்தெடுத்திருக்கின்றன. ஆகவே "கடல்ல பிடிச்சதா, பண்ணையில பொறந்ததா?" என்று கேட்டு, பண்ணையில் பிறந்ததையே வாங்குங்கள். இன்னொரு விசேஷம் தெரியுமா? கோமாளி மீன் குஞ்சுகள் எல்லாம் ஆணாகவே வளரும். கூட்டத்தில் பெரியது மட்டும் பெண்ணாக மாறும். சின்னதாக இரண்டு வாங்கினால் போதும், ஜோடியை அவையே முடிவு செய்துகொள்ளும். கடைப் பையிலிருந்து நேராகத் தொட்டியில் கொட்டாமல், ஒரு மணி நேரம் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகப் பையில் சேர்த்து, பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். அடுத்த மீன் ஒரு மாதம் கழித்து. பாக்டீரியாவும் அதற்கேற்பப் பெருக வேண்டுமல்லவா?

பவளம் வைக்கலாமா?

பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் குணபாட வகுப்பில் பவளம், சங்கு, முத்துச்சிப்பி என்று கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். மூன்றுக்கும் அடிப்படை கால்சியம் கார்பனேட்தான். ஆனால் மருந்தில் சேரும் செம்பவளம் மத்தியதரைக் கடல் சரக்கு. மன்னார் வளைகுடாவில் பாறை கட்டும் பவளப் பூச்சி வேறு இனம். அதை மருந்தென்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

தொட்டியில் வைக்கலாமா என்றால், சட்டம் தெளிவாக இருக்கிறது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் கல் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவற்றைச் சேர்த்துவிட்டார்கள். கடல் குதிரையும் கடல் அட்டையும்கூட அதே அட்டவணைதான். புலிக்கு இருக்கும் பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. 'வெளிநாட்டுப் பவளம் சார், பரவாயில்லை' என்று கடையில் சொன்னால், வனத்துறையிடம் எழுத்துமூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கை வைக்காதீர்கள்.

என் தொட்டியில் பவளம் இல்லை. சட்டம் ஒரு காரணம். இன்னொன்று, வெப்பம். பவளத்தின் உடம்புக்குள் நுண்பாசி குடியிருந்து அதற்குச் சோறு போடுகிறது. தண்ணீர் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி சூடாகி, அந்தச் சூடு வாரக்கணக்கில் நீடித்தால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். தொட்டியில் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சென்னை மே மாதத்தில் கவனிக்காமல் விட்டால் 31, 32-க்குப் போய்விடும். தண்ணீரின் மேல் காற்று படும்படி சிறு விசிறி வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். மீனுக்கு அது போதும், பவளத்துக்குச் சில்லர் கருவி இல்லாமல் முடியாது. மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஒருகாலத்தில் சுண்ணாம்புக்காக அங்கே பவளத்தை வெட்டி எடுத்தார்கள். இப்போது வெட்டுவதில்லை. ஆனால் 2016 போன்ற வெப்ப வருஷங்களில் அங்கேயும் பவளம் வெளுத்தது. தொட்டியில் ஒரு டிகிரி ஏறினாலே நாம் பதறுகிறோம். கடலுக்கு விசிறி வைக்க முடியுமா? உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வெப்பமானியைக் காட்டி இதைச் சொல்லுங்கள்.

வீட்டில் உள்ளவர்கள் நலம்

ஆரம்பக் கேள்விக்கு வருகிறேன். மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ரத்த அழுத்தம் இறங்குவதை, அமெரிக்காவில் ஆரோன் காட்சர் குழுவினர் 1983-ல் வெளியான ஆய்வில் காட்டினார்கள். உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் மனம் அடங்குகிறது, அவ்வளவுதான். அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தொட்டி மருந்தல்ல.

கவனிக்க வேண்டியவை:

1. உப்புநீரும் மின்சாரமும் சேர்ந்தால் ஆபத்து. 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வையுங்கள். ஒயர் பிளக்குக்கு வருமுன் கீழே தொங்கி மேலேறும்படி விட்டால், வழியும் நீர் பிளக்கில் சேராமல் கீழே சொட்டிவிடும். கை விடுமுன் ஸ்விட்ச்சை அணையுங்கள்.

2. கையில் காயம் இருந்தால் தொட்டியில் கை விடாதீர்கள். மைக்கோபாக்டீரியம் மெரைனம் என்ற கிருமி புகுந்தால், சில வாரம் கழித்து விரலில் ஆறாத முடிச்சு வரும். சர்க்கரை நோயாளிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அப்படி வந்தால் மஞ்சளும் களிம்பும் பூசிக்கொண்டு நாளைக் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். 'வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது' என்று மறக்காமல் சொல்லுங்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், இதற்கு ஆன்டிபயாட்டிக்தான் வேண்டும்.

3. கடல் பாறையை வெந்நீரில் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யவே கூடாது. சொவாந்தஸ் என்ற பொத்தான் வடிவ உயிர்கள் சில பாறைகளில் ஒட்டியிருக்கும். அவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் உண்டு. ஆவியில் கலந்து வீட்டில் உள்ள அத்தனை பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன.

4. குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்காதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

தினசரி பத்து நிமிஷம்

தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே தினம் குறைகிற ஒன்றிரண்டு லிட்டருக்கு நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், உப்புநீரை அல்ல. தொட்டி மட்டத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் சுலபம். தீனி இரண்டு நிமிஷத்தில் தின்று தீரும் அளவு. 'பாவம், பசிக்கும்' என்று பாட்டி தனியாக, பேரன் தனியாகப் போடுவதுதான் பல வீடுகளில் தொட்டிக்கு எமன். தீனி போடுகிறவர் வீட்டில் ஒருவர் என்று வையுங்கள். கரண்ட் போனால் ஓட, பேட்டரி காற்றுப் பம்பு ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு நாளுக்கு மேல் மின்சாரம் இல்லை. பேட்டரி பம்பு முதல் இரவோடு ஓய்ந்தது. கல்லூரி விடுமுறையில் இருந்த மகனும் நானும் முறைபோட்டு, ஒரு சொம்பில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தோம். காற்று கலக்க வேண்டும், பாறைக்கு நீரோட்டம் வேண்டும், அவ்வளவுதான். தீனியை நிறுத்திவிட்டோம். மூன்றாம் நாள் காலை டார்ச் வெளிச்சத்தில் அம்மோனியா பார்த்தான். குப்பியில் மஞ்சள் நிறம், பூஜ்யம். இரண்டு மீனும் கல்லிடுக்கிலிருந்து எட்டிப் பார்த்தன. 2019 தொட்டிக்கு இது நடந்திருந்தால் ஒரு ராத்திரி தாங்கியிருக்காது. மூன்று வருஷம் தொந்தரவு செய்யாமல் விட்டதன் பலன் அது.

ஆகவே ஆசைப்படுகிறவர்கள் கடைக்குப் போகிற அன்று தொட்டியோடு ஒரு நோட்டும் வாங்குங்கள். தண்ணீர் நிரப்பிய தேதியைப் போட்டு, பக்கத்தில் 'முதல் நாள்' என்று எழுதுங்கள். சோதனை செய்யும் பொறுப்பை வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். அது 'இன்னும் இல்லை' என்று சொன்னால், பெரியவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.